பெருமூச்சு ஸ்டாண்டு

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மூன்று மாடி ஜவுளிக்கடையில், மார்ச் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணியிலிருந்து, எந்தப் புது உடையைப் போட்டுப் பார்த்தாலும் அதைத் தைத்தவளின் உடம்பு போட்டவளுக்கு வந்தது. அதே வாரம் குடை விலை ஏறியிருந்ததால் ஊர் குடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. முதலில் அகப்பட்டவர் பல் டாக்டரம்மா. வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவருக்கு வலது குதிகாலில் சுருக்கென்று ஒரு வலி வந்தது. குனிந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றினார், வலி போய்விட்டது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. படித்தவர் என்பதால் இதை மூன்று முறை செய்து பார்த்து உறுதி செய்துகொண்டு, படித்தவர் என்பதாலேயே யாரிடமும் மூச்சு விடாமல் வேறு சட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மாதம் முதல் மாடியில் நீலக் கவுன்கள் வந்து இறங்கியிருந்தன. பார்வைக்கு நன்றாக இருந்தன, விலையும் குறைவு. போட்டுப் பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கடையில் இருந்தது ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளைத் தாண்டிப் போக வேண்டும். வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. வரிசையில் நின்றவர்கள் கவுனைக் கழற்றியிருந்தால் வரிசையே தேவைப்பட்டிருக்காது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. முதலாளி இதைக் குடிதண்ணீர்க் கோளாறு என்று முடிவு கட்டி, தொட்டியைக் கழுவச் சொன்னார், ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்று மூன்று பக்கத்தில் பதில் வந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது டோக்கன் அக்கா. ட்ரையல் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்கள் கையில் எத்தனை உடை இருக்கிறதோ அந்த எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கொடுப்பதும், வெளியே வரும்போது திருப்பி வாங்குவதும் அவள் வேலை. நாலாம் எண் வில்லை வாங்கிப் போகிறவள் மூன்றைப் போட்டுவிட்டு நிதானமாக இருக்கிறாள், நாலாவதாக நீலத்தைப் போட்டதும் ஓடுகிறாள் என்பதை அவள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம், கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் தானே ஒரு நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு உள்ளே நின்று நூறு எண்ணினாள். பிறகு கீழே போய் முதலாளியிடம் சொன்னாள்.

"தண்ணியில ஒண்ணும் இல்ல முதலாளி. அந்த நீலக் கவுன தைக்கிற பொண்ணுங்கள ஒண்ணுக்குப் போக விடமாட்டேங்கிறாங்க."

முதலாளி கெட்டவர் இல்லை, சோம்பேறி. நம்பினால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதால் நம்பவில்லை. அவர் மனைவி அப்படி இல்லை. ஒரு கவுனை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டு, வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று காரில் ஏறினார். இருபது நிமிடப் பயணத்தில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. மறுநாள் காலை முதலாளி தையல் ஆலைக்கு போன் போட்டார். மேனேஜருக்கு மனம் புண்பட்டுவிட்டது. "ஒரு நாளைக்கு ரெண்டு தடவ விடுறோம் சார், வேற யாரு விடுறா?" என்றார். ரெண்டு தடவை என்று முதலாளி திருப்பிச் சொன்னதுதான் தாமதம், பக்கத்தில் நின்ற முதலாளியம்மா போனைப் பிடுங்கினார். அவர் என்ன பேசினார் என்பதற்கு ஆல்ட்ரேஷன் மாஸ்டர் ஒருவர்தான் சாட்சி. தனக்கு அன்றைக்கு இரண்டு புது வார்த்தை தெரிந்தது என்பதற்கு மேல் அவர் வாயைத் திறப்பதில்லை. கவுன்கள் வந்த வழியே திரும்பிப் போயின. ஐந்து மாதம் கழித்து அதே ஆலையிலிருந்து அதே நீலத்தில் புது லாட் வந்தபோது பல் டாக்டரம்மா ஒன்றைப் போட்டுக்கொண்டு கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். லேசான தூக்கக் கலக்கம் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி, இரண்டு வாங்கினார்.

ஊர் மெல்ல மெல்ல விஷயத்தின் போக்கைப் பிடித்துக்கொண்டது. முதல் துவைப்பு வரைக்கும்தான் இது இருக்கும், துவைத்துவிட்டால் வெறும் துணி. பெரிய ஆலைகளில் காலரை ஒருத்தியும் கையை ஒருத்தியும் ஓரத்தை ஒருத்தியும் தைப்பதால், ஒரே சட்டையில் கழுத்துக்கு ஒருத்தியின் கழுத்து வலியும் கைக்கு இன்னொருத்தியின் சுளுக்கும் வரும். ஒரே கையால் முழுதாகத் தைத்த உடையில் ஒரே ஆள் இருப்பாள். வலி மட்டுமல்ல, பசி வரும், தூக்கம் வரும், சில சமயம் அந்த ஆளின் மனசும் கூடவே வரும். ஆண்கள் பிரிவிலும் இதேதான் நடந்தது. ஆனால் அவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கிப் போகிறவர்கள் என்பதால் முதுகுவலி ஆபீசில்தான் வந்தது, பழியை நாற்காலி ஏற்றுக்கொண்டது.

பெண்கள் துணி எடுக்கும் முறையே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் அரை மணியில் ஆறு உருப்படி அள்ளிக்கொண்டு போனவர்கள், இப்போது இரண்டு மணி நேரம் நின்று ஒன்று வாங்கினார்கள். ட்ரையல் ரூமுக்குள் போனதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று நூறு எண்ணிவிட்டு, பிறகு திரும்பி அழகைப் பார்க்கும் வழக்கம் வந்தது. சிலருக்கு வேறு கணக்கு இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மூச்சிரைக்க வைக்கும் சட்டையை எடுத்துக்கொண்டு, "துவைச்சா போயிடும்தானே?" என்று கேட்டார்கள். "உங்களுக்குப் போயிடும்," என்று சொல்லி டோக்கன் அக்கா வில்லையைத் திருப்பி வாங்கிக்கொள்வாள். பத்தில் ஆறு பேர் சட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள், நாலு பேர் வாங்கினார்கள். எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. கொள்முதல் முதலாளியிடமிருந்து முதலாளியம்மாவின் கைக்குப் போயிற்று. மாதிரி உடையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்து பார்க்காமல் அவர் எதையும் வரவழைக்கவில்லை. கடை மூன்று மாடியிலிருந்து இரண்டு மாடியாகச் சுருங்கியது. மூன்றாவது மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு வந்தது.

இதற்கிடையில் டோக்கன் அக்காவின் யோசனைக்கு ஊரில் கிராக்கி ஏற்பட்டது. யாருக்கு எது எடுக்கும் என்று சொல்வதில் அவள் கெட்டிக்காரி. மற்றவர்கள் ஆளின் நிறத்தையும் பருமனையும் பார்ப்பார்கள், அவள் அந்த ஆள் நாளெல்லாம் என்ன செய்கிறாள் என்று கேட்பாள். குனிந்தே வேலை பார்க்கும் பல் டாக்டரம்மாவுக்கு, கழுத்தை மூடும் காலரே வேண்டாம் என்று சொல்லி, அகலக் கழுத்து வைத்த ஊதா நிறச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்த குள்ள டீச்சருக்கு, மேலே நீளமாகவும் கீழே கணுக்கால் தெரியும்படியும் எடுத்துக் கொடுத்தாள், டீச்சர் அன்றிலிருந்து நாலு விரற்கடை வளர்ந்துவிட்டதாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். உள்ளதை மறைக்கத் துணி தேடி வந்த பெண்களிடம், "மறைக்கிறதுக்குத் திரைச்சீலை போதும், துணி எதுக்கு?" என்பாள். அவள் பேச்சைக் கேட்டு வாங்கிய உடைகளைப் பெண்கள் எட்டு வருடம், பத்து வருடம் உடுத்தினார்கள்.

ஆனால் அவள் உடுத்தியதோ சாம்பல் நிறத்தில் தொளதொள என்று தொங்கும் அங்கி. அப்படி மூன்று வைத்திருந்தாள், மாற்றி மாற்றிப் போட்டாள். ஊருக்கெல்லாம் சொல்கிற நியாயம் தனக்கு மட்டும் பொருந்தாது என்பதில் உறுதியாக இருந்தாள். முதலாளியம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "எனக்கு எது போட்டாலும் மூட்டைக்கு உறை போட்ட மாதிரிதாம்மா இருக்கும்," என்று பேச்சை முடித்துவிடுவாள். அதில் வருத்தம்கூடத் தெரியாது, பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொல்வாள்.

அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு. அப்பா அம்மா போன பிறகு சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் இருவரும் தனியாக இருந்தார்கள், ஒரே கட்டிலில் படுத்தார்கள். தங்கச்சிக்குத் தையலில் கை நன்றாக வரும். அக்கா ஜவுளிக்கடையில் வேலை கேட்டுப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும், நாலு நாள் உட்கார்ந்து, அளவு நாடாவைத் தொடாமலே, செங்கல் நிறத்தில் இடுப்பு பிடித்த ஒரு கவுன் தைத்தாள். அக்கா அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வாசலில் சலவைக்கடைக்காரரும் அவர் மனைவியும் அடுத்த வீட்டுப் பெண்ணும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால், "இதப் போட்டுக்கிட்டு எங்க போறது, சர்க்கஸுக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். நடைபாதைக் குவியலிலிருந்து ஒரு சாம்பல் அங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள், வேலையும் கிடைத்தது. அந்த வாரமே தங்கச்சி, தையல் ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேனில் ஏறிப் போய்விட்டாள். ஒரே ஒரு தபால் அட்டை வந்தது. வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, தேடாதே என்று எழுதியிருந்தது. முகவரி இல்லை.

அதிசயம் தொடங்கியது அதற்கு ஏழு வருடம் கழித்து. ஆலைகளில் கதவைப் பூட்டி வேலை வாங்குகிறார்கள், ஊசி விரலில் ஏறினால் துணியால் சுற்றிக்கொண்டு தைக்கச் சொல்கிறார்கள் என்றெல்லாம் அதற்குள் அவள் கேள்விப்பட்டிருந்தாள். அத்தனையும் தன் வாயால் வந்த வினை என்று நம்பினாள். ஆகவே நீலக் கவுனைப் போட்டு நின்ற அன்று, மற்றவர்களுக்குத் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது. தங்கச்சி தைத்த துணி என்றைக்காவது இந்தக் கடைக்கு வரும், வந்தால் தனக்குத் தெரிந்துவிடும். தங்கச்சியின் உடம்பு அவளுக்கு மனப்பாடம். உட்கார்ந்தால் வலது காலை மடித்து அதன் மேல் உட்காருவாள். சின்ன வயதில் மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் போய்விட்டது, கவனமாக ஏதாவது செய்யும்போது நாக்கு அந்த இடைவெளியைத் துழாவிக்கொண்டே இருக்கும். இடது கால் சுண்டுவிரல் ஒருமுறை முறிந்து கோணலாகச் சேர்ந்தது.

தினமும் காலையில் ஒன்பது மணிக்கே கடைக்கு வந்துவிடுவாள். திறப்பதற்கு முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், வாடிக்கையாளர்கள் வலிக்கிறது என்று ஒதுக்கிய உடைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டு நூறு நூறாக எண்ணினாள். வலிகளில் பெரிய நிபுணி ஆகிவிட்டாள். பஞ்சுத் தூசி இருமலுக்கும் சாதாரண இருமலுக்கும் வித்தியாசம் தெரியும், வீங்கிய கணுக்கால் எத்தனை மணி நேரம் நின்றது என்று சொல்வாள். நாலு வருடம் எத்தனையோ பெண்களின் உடம்பை வாங்கிப் பார்த்தாள், எதிலும் கால் மடங்கவில்லை, நாக்கு துழாவவில்லை. ஒவ்வொரு நாளும் ஏமாற்றமாக இருந்தது, கூடவே நிம்மதியாகவும் இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து மணிக்கு ஸ்டூலில் போய் உட்காருவாள். சும்மாவும் இருக்கவில்லை. "உங்கள் ஆலையில் பச்சைச் சட்டைக்குக் காலர் வைக்கும் பெண்ணுக்கு வலது கை நடுவிரல் நகம் பிளந்திருக்கிறது, டாக்டரிடம் அனுப்பவும்" என்று முதலாளியம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கடிதம் போடுவாள். சில ஆலைகள் பதில் போட்டன. ஒரு ஆலை, அந்தப் பெண்ணின் பெயர் தங்களுக்கே தெரியாமல் இருந்தது, விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டோம், நன்றி என்று எழுதியது.

அதிசயத்தின் இரண்டாம் வருடம், படிக்கட்டு ஓரமாகத் துணி தொங்கவிடும் ஒரு புது ஸ்டாண்டு வந்தது. ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஒரு ஊரில், பதினாலு பெண்கள் சேர்ந்து நடத்தும் தையல்கூடத்திலிருந்து மாதா மாதம் அதற்குத் துணி வரும். ஒரு உடையை ஒருத்தியே முழுதாகத் தைப்பாள். விலை ஒன்றரை மடங்கு. போட்டவர்களுக்குத் தோள் இரண்டும் தானாக இறங்கும், நெஞ்சுக்குள்ளிருந்து பெரிதாக ஒரு மூச்சு வெளியே வரும். அதனால் அதற்குப் பெருமூச்சு ஸ்டாண்டு என்றே பெயர் ஆயிற்று. அரைகுறை மனதோடு வருகிறவர்களை டோக்கன் அக்கா அந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். முக்கியமாக அந்த ஸ்டாண்டின் பெரிய அளவு, ஊரில் கொஞ்சம் பருத்த பெண்கள் எல்லோருக்கும் தனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. அந்தச் சுகத்தில் மற்ற சின்னக் கோணல்களை யாரும் பொருட்படுத்தவில்லை, சொல்லும்படியாக ஒரே ஒரு தொந்தரவு உண்டு. பெரிய அளவைப் போட்டவர்களுக்கு முதல் துவைப்பு வரைக்கும் தங்கள் அக்கா மேல் காரணமில்லாமல் ஒரு கோபம் இருந்தது. அக்கா இல்லாதவர்கள் நாத்தனார் மேல் காட்டினார்கள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை, போன் வந்தால் எடுக்காமல் இருப்பது, வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். துவைத்ததும் சரியாகிவிடும். தபால் ஆபீஸ் அம்மாள் இதை வந்து சொன்னபோது டோக்கன் அக்கா சிரித்துவிட்டு, "ரெண்டு தடவ துவைச்சுக்கோங்க," என்றாள்.

அவள் அந்த ஸ்டாண்டிலிருந்து எதையும் போட்டுப் பார்த்ததில்லை. தங்கச்சி கஷ்டப்படுகிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாததால், சுகமான துணியில் தேடவேண்டும் என்று தோன்றவில்லை. போதாததற்கு அவையெல்லாம் இடுப்பும் நிறமும் வைத்த உடைகள், அவளைப் போன்றவர்களுக்கு எடுக்காது. இந்த இரண்டு நம்பிக்கையும் சேர்ந்து மூன்று வருடத்தைத் தின்றுவிட்டன. அவள் உட்காரும் ஸ்டூலுக்கும் அந்த ஸ்டாண்டுக்கும் நடுவே பதினொரு அடிதான்.

தேடலின் நாலாம் வருடக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை மதியம், ட்ரையல் ரூம் சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ஈரம் காயவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த டோக்கன் அக்கா, சொல்லிக்கொண்டே அதில் சாய்ந்தாள். முதுகு முழுக்கப் பச்சை. முதலாளியம்மா பார்த்துவிட்டு, இந்தக் கோலத்தோடு வாசலில் நிற்க வேண்டாம், கடைத் துணியில் ஒன்றைப் போட்டுக்கொள் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம்னு சொன்ன, நானே உள்ள வந்து மாட்டி விடுவேன்," என்றார் முதலாளியம்மா.

அவள் அளவு அன்றைக்கு வேறு எங்கும் இல்லை, பெருமூச்சு ஸ்டாண்டில்தான் இருந்தது. இருப்பதற்குள் அடக்கமானது என்று கருநீலத்தில் ஒரு கவுனை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனாள். போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று எண்ணத் தொடங்கினாள். பத்துக்குள் பெருமூச்சு வந்தது. பதினாலு எண்ணும்போது உட்கார வேண்டும் போலிருந்தது, உள்ளே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். வலது கால் தானாக மடிந்து அடியில் போயிற்று. இருபத்தைந்தில், அத்தனை பல்லும் இருக்கும் அவள் வாய்க்குள் மேல்வரிசை இடப்பக்கம் ஒரு பல் காணாமல் போயிருந்தது, நாக்கு அங்கே போய்த் துழாவியது. செருப்புக்குள் சுண்டுவிரல் கோணிக்கொண்டது. அவள் எண்ணிக்கையை விடவில்லை. விட்டால் எல்லாம் போய்விடுமோ என்று பயம். வயிறு நிறைந்திருந்தது. விரல்களில் ஒரு காயம் இல்லை. இடது கன்னத்தில் ஜன்னல் காற்று பட்டது. யாரோ பக்கத்தில் நல்ல ஜோக் ஒன்றைச் சொல்லி முடித்திருக்கிறார்கள், அதன் சிரிப்பு இன்னும் விலாவில் மிச்சம் இருந்தது. அறுபதைத் தாண்டியபோது, இந்தச் சுகத்துக்கெல்லாம் அடியில், பத்திரமாக மடித்து வைத்த மாதிரி, ஒரு கோபம் தட்டுப்பட்டது. வாசலில் நாலு பேர் சிரித்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலத்தின் கோபம். யாருடையது, யார் மேல் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. டோக்கன் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தமாகத்தான் அழுதாள். இந்தப் பதினோரு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த நல்ல சேதி அந்தக் கோபம் ஒன்றுதான்.

நூறு எண்ணி முடித்துவிட்டுத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். எந்த உடை போட்டாலும் அவளுக்கு வலது தோள் நழுவும், அந்தத் தோள் அரை அங்குலம் தாழ்வு. இது நழுவவில்லை. இடுப்பு, இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கையைத் தொங்கவிட்டால் விரல் நேராகப் பைக்குள் போயிற்று. தங்கச்சிக்கு அளவு நாடா இல்லாமல் தெரிந்த உடம்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பெரிய அளவு என்று ஊரெல்லாம் வாங்கிப் போட்டது இந்த உடம்பின் அளவைத்தான். தனக்கு எதுவும் எடுக்காது என்று அடித்துச் சொன்னவளின் உடம்பை மூன்று வருடமாக அவளே வாடிக்கையாளர்களுக்குச் சிபாரிசு செய்திருக்கிறாள், அவர்களும் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். அழகாக இருந்தாள். அவளுக்கும் அது தெரிந்தது.

வெளியே வந்து முதலாளியம்மாவிடம் இரண்டு நாள் லீவு கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் அவர் நாலு நாள் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும், கவுனைத் துவைக்காமல் அப்படியே உடுத்திக்கொண்டு பேருந்தில் ஏறினாள். ஆறு மணி நேரமும் வலது காலை மடித்து வைத்துக்கொண்டே போனதில் பக்கத்து சீட்டுக்காரிக்கு இடைஞ்சல். ஆனாலும் டோக்கன் அக்கா இறங்கும்போது, கவுன் எந்தக் கடையில் எடுத்தது என்று அவள் கேட்டாள்.

தையல்கூடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. நீளமான அறை, பதினாலு மெஷின், இடப்பக்கம் முழுக்க ஜன்னல். கழிப்பறைக் கதவில் பூட்டு இல்லை என்பதை டோக்கன் அக்கா தொழில் முறையில் முதலில் கவனித்தாள். ஜன்னலோரம் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் சதை போட்டு, காலை மடித்து உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கவுனைத்தான் பார்த்தாள். தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். அப்புறம்தான் முகம்.

"போட மூணு வருஷம் ஆச்சா உனக்கு?" என்றாள்.

மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆலையிலிருந்து ஐந்தே மாதத்தில் மூன்று பேரோடு கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது, இந்த இடத்தைப் பிடித்தது எல்லாவற்றையும் தங்கச்சி பிறகு சாவகாசமாகச் சொன்னாள். துணி ஏற்றிப் போகும் டிரைவர் வழியாக, கடையில் நடக்கும் அதிசயத்தையும், அக்கா அங்கேதான் நிற்கிறாள், இன்னும் சாம்பல் அங்கிதான் போடுகிறாள் என்பதையும் தெரிந்துகொண்டிருக்கிறாள். தானாக எழுதக் கூடாது, அவளாகப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று வீம்பு. மாதா மாதம் பெரிய அளவை வேறு யாரையும் தொட விடாமல் தானே தைத்து அனுப்பியிருக்கிறாள்.

"என்னைத் தேடவே இல்லையாக்கா நீ?"

"தேடாத நாள் இல்லடி. வலிக்கிற துணியில எல்லாம் தேடினேன்."

தங்கச்சி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எனக்கு எதுக்குக்கா வலிக்கணும்?" என்றாள். கேட்டுவிட்டு அவளும் அழுதாள்.

அக்கா மன்னிப்புக் கேட்டாள். பதினாலு பேர் முன்னால் சத்தமாகவே கேட்டாள், தப்புச் செய்தபோதும் ஆட்கள் இருந்தார்கள் என்பதால். தங்கச்சி உடனே மன்னித்துவிடவில்லை. இரண்டு டீ குடித்து, எதிர்த்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசி, அக்காவின் செருப்பைக் குறை சொல்லி, நாலு மணி வாக்கில் மன்னித்தாள். அப்புறம் எழுந்து, கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவை அளந்தாள். பதினோரு வருடத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது, அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அதுவரை தெரியவில்லை. தங்கச்சி சுவரில் மாட்டியிருந்த அட்டை அளவுகளை இறக்கி, பெரிய அளவின் ஓரத்தைப் பென்சிலால் தள்ளிப் போட்டு, புதிதாக வெட்டினாள்.

அடுத்த மாதத்திலிருந்து பெருமூச்சு ஸ்டாண்டுக்கு வந்த பெரிய அளவு எல்லாம் இடுப்பில் இரண்டு அங்குலம் அதிகமாக வந்தது. போட்டுப் பார்த்த பெண்களுக்கு அது தொளதொள என்றிருந்தது. ஆனால் போட்டதும் எக்கச்சக்கமாகச் சந்தோஷம் வந்தது, நல்ல பசியும் வந்தது, அதனால் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, ஆல்ட்ரேஷனுக்கும் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசிக்குள் ஊரில் எல்லோருக்கும் அது சரியாக இருந்தது.